மூக்கடைப்பும் முகவலியும்: சைனஸ் தொற்று பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகள் சைனஸ் தொல்லையோடு வாழ்ந்தவன் நான். கைக்குக் கிடைத்த மருந்தையெல்லாம் போட்டுப் பார்த்து, கேள்விப்பட்ட வைத்தியத்தையெல்லாம் செய்து பார்த்து, கடைசியில் எது எதற்கு உதவுகிறது என்று புரிந்துகொள்ள நெடுநாள் ஆயிற்று. அதே தொல்லையில் இருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வையில் மாற்றம், கழுத்து விறைப்பு இவற்றில் ஏதாவது இருந்தால் மேலே படிக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

"எனக்கு சைனஸ் இருக்கிறது" என்கிறோமே, சைனஸ் என்பது ஒரு நோயா?

நோய் இல்லை. சைனஸ் எல்லோருக்கும் இருக்கிறது. முக எலும்புகளுக்குள் காற்று நிரம்பிய அறைகள் நான்கு ஜோடி உண்டு. கன்ன எலும்புக்குள் ஒரு ஜோடி, புருவத்துக்கு மேலே நெற்றியில் ஒரு ஜோடி, இரண்டு கண்களுக்கும் நடுவே தேன்கூடுபோல் சின்னச் சின்ன அறைகளாக ஒரு தொகுதி, மூக்குக்குப் பின்னால் மண்டையோட்டின் ஆழத்தில் ஒரு ஜோடி. இவற்றின் உள்சுவர் வீங்கி, உள்ளே கோழை தேங்கிவிடும் நிலையைத்தான் 'சைனசைட்டிஸ்' என்கிறோம். பேச்சுவழக்கில் அது சுருங்கி 'சைனஸ்' ஆகிவிட்டது.

எல்லா அறைகளும் பிறக்கும்போதே முழுதாக இருப்பதில்லை. கன்னத்திலும் கண்களுக்கு நடுவிலும் உள்ளவை சிறிய அளவில் பிறவியிலேயே இருக்கின்றன. நெற்றியில் உள்ளவை பள்ளி செல்லும் வயதில்தான் தெளிவாக உருவாகின்றன, பதின்ம வயதில்தான் முழு அளவை எட்டுகின்றன. கைக்குழந்தைக்கு 'நெற்றி சைனஸ்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கோளாறு எங்கே தொடங்குகிறது?

வாசலில். ஒவ்வொரு சைனஸ் அறையும் மூக்குக்குள் திறக்கும் துவாரம் சில மில்லிமீட்டர் அகலம்தான். அறையின் உட்சுவரில் மெல்லிய கோழைப் படலம் ஒன்றும், அதை வாசல் பக்கமாக ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான நுண்மயிர்களும் இருக்கின்றன. இவை ஒரு நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைகின்றன. தூசு, கிருமி எது உள்ளே வந்தாலும் கோழையில் ஒட்டி வாசலுக்குப் போய், அங்கிருந்து தொண்டைக்கு இறங்கி, நாம் அறியாமலே வயிற்றுக்குள் போய்விடுகிறது.

கன்ன அறையின் அமைப்பைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். அதன் வாசல் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. தரையில் வடிகால் வைக்காமல் கூரையோரத்தில் ஜன்னல் வைத்துக் கட்டிய அறை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அறையின் கோழை தானாக வழிந்து வெளியேற வழியில்லை. நுண்மயிர்கள்தான் அதைச் சுவரோடு சுவராக மேலே ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

ஜலதோஷமோ ஒவ்வாமையோ வந்து மூக்கின் உட்தோல் வீங்கும்போது இந்தச் சிறு வாசல் மூடிக்கொள்கிறது. உள்ளே காற்றோட்டம் நின்று, கோழை கெட்டியாகி, நுண்மயிர்களின் வேகமும் குறைகிறது. தேங்கிய நீரில் பாசி பிடிப்பதுபோல் சில சமயம் அதில் பாக்டீரியா பெருகுகிறது. வாசலைத் திறந்து வைப்பது, நுண்மயிர்களின் வேலைக்கு இடைஞ்சல் செய்யாமல் இருப்பது, இந்த இரண்டையும்தான் இனி வரும் பதில்களில் வெவ்வேறு விதமாகச் சொல்லப்போகிறேன்.

எனக்கு வந்திருப்பது சாதாரண ஜலதோஷமா, சைனஸ் தொற்றா?

பெரும்பாலும் இரண்டும் ஒன்றேதான். 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாக ஜலதோஷம் பிடித்த 31 பேருக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 27 பேரின் கன்ன சைனஸ்களில் மாற்றம் தெரிந்தது. மறுபடி ஸ்கேன் எடுத்தவர்களில் பெரும்பாலானோருக்கு இரண்டே வாரங்களில் ஆண்டிபயாடிக் எதுவும் இல்லாமலே அது சரியாகிவிட்டது. ஜலதோஷம் வந்தால் சைனஸும் சேர்ந்தே பாதிக்கப்படுகிறது என்பதுதான் இதன் பொருள். மூன்றாம் நாள் ஸ்கேன் எடுத்து 'சைனஸில் சளி இருக்கிறது' என்று அறிக்கை வாங்குவதால் எந்தப் பயனும் இல்லை. அது இருக்கத்தான் செய்யும்.

பாக்டீரியா தொற்று என்று எப்படிக் கண்டுகொள்வது?

நாட்களை எண்ணித்தான். பெரியவர்களுக்கு வரும் ஜலதோஷங்களில் நூற்றுக்கு இரண்டு கூட பாக்டீரியா தொற்றாக மாறுவதில்லை. குழந்தைகளுக்கு இந்த விகிதம் கூடுதல். மருத்துவர்கள் மூன்று அடையாளங்களைப் பார்க்கிறார்கள். பத்து நாட்கள் கடந்தும் கொஞ்சமும் குறையாமல் இருப்பது ஒன்று. ஐந்தாறு நாட்களில் குறையத் தொடங்கி, 'விட்டது தொல்லை' என்று நிம்மதி அடையும் நேரத்தில் காய்ச்சலும் வலியும் மீண்டும் ஏறுவது இன்னொன்று. தொடக்கத்திலேயே 39 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காய்ச்சலும், சீழ் போன்ற சளியும், முகவலியும் சேர்ந்து மூன்று நான்கு நாட்கள் தொடர்வது மூன்றாவது.

மூக்கு ஒழுகத் தொடங்கிய நாளை நாட்காட்டியில் ஒரு சிறு புள்ளியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவதியில் இருக்கும்போது நான்கு நாட்கள் இரண்டு வாரம்போல் தோன்றும். மருத்துவர் 'எத்தனை நாளாக?' என்று கேட்டால் அந்தப் புள்ளிதான் சரியான பதிலைச் சொல்லும்.

சளி பச்சையாக இருந்தால் ஆண்டிபயாடிக் கட்டாயம் தேவைதானே?

இல்லை. கிருமியோடு போராட வரும் வெள்ளை அணுக்களில் பச்சை நிறமுடைய ஒரு நொதி இருக்கிறது. அந்த அணுக்கள் சளியில் நிறைய கலக்கும்போது நிறம் மாறுகிறது. வைரஸை எதிர்த்தாலும் பாக்டீரியாவை எதிர்த்தாலும் அதே நிறம்தான். இரவு முழுக்கத் தேங்கியிருப்பதால் காலையில் முதலில் சிந்தும் சளி இன்னும் அடர்த்தியாக இருக்கும். கைக்குட்டையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டியது எப்போது?

கண்களுக்கு நடுவே உள்ள சைனஸையும் கண்ணையும் பிரிப்பது காகிதம்போல் மெல்லிய எலும்புதான். நெற்றி சைனஸுக்குப் பின்னால் இருப்பது மூளை. தொற்று இந்தச் சுவர்களைத் தாண்டுவது அரிது, ஆனால் தாண்டினால் சில மணி நேரத் தாமதமும் ஆபத்தாகலாம். கண்ணிமை சிவந்து வீங்குவது, கண்ணை அசைத்தால் வலிப்பது, இரண்டிரண்டாகத் தெரிவது, பார்வை மங்குவது, நெற்றியில் மெத்தென்ற வீக்கம், கழுத்தை வளைக்க முடியாத விறைப்பு, இதுவரை அனுபவித்திராத கடுமையான தலைவலி, குழப்பமான பேச்சு, ஓயாத வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே போக வேண்டும். நள்ளிரவாக இருந்தாலும் போக வேண்டும்.

சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று வேகமாகப் பரவக்கூடும். மூக்கில் கருத்த பொருக்கு, கன்னத்தில் மரத்துப்போன உணர்வு, ஒரு பக்க முகவீக்கம் இவை அதன் அடையாளங்கள். இந்த நிலையில் வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை.

மருத்துவர் ஆண்டிபயாடிக் தராமல் 'காத்திருங்கள்' என்கிறார். அலட்சியமாக இருக்கிறாரா?

பெரும்பாலும் அவர் சரியாகத்தான் செய்கிறார். பல ஆய்வுகளைத் திரட்டி 2018-ல் வெளியான கோக்ரேன் மதிப்பாய்வின்படி, சிக்கலில்லாத சைனஸ் அழற்சி வந்த பெரியவர்களில் நூற்றுக்கு 64 பேர் ஆண்டிபயாடிக் இல்லாமலே இரண்டு வாரத்தில் குணமாகிவிட்டார்கள். மருந்து எடுத்தவர்களில் கூடுதலாக நூற்றுக்கு 5 முதல் 11 பேர் விரைவில் குணமானார்கள். ஆனால் வயிற்றுப்போக்கு போன்ற பக்கவிளைவுகள் நூற்றுக்கு 13 பேருக்கு அதிகமாக வந்தன. இந்த எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் காத்திருக்கச் சொல்வதன் நியாயம் புரியும்.

மேலே சொன்ன மூன்று அடையாளங்களில் ஒன்று தெளிவாக இருந்தால் கணக்கு மாறிவிடுகிறது. அப்போது மருத்துவர் எழுதித் தந்தால், அவர் சொன்ன அளவிலும் நாட்களிலும் அதைச் சரியாக எடுத்துக்கொள்ளுங்கள். போன முறை மீந்த மாத்திரைகளை எடுத்து விழுங்குவது மட்டும் கூடவே கூடாது.

இயற்கை வழிகளில் உண்மையிலேயே உதவுவது எது?

ஒன்றே ஒன்றைச் சொல் என்றால், உப்புநீரால் மூக்கைக் கழுவுவதைச் சொல்வேன். கெட்டிக் கோழையையும், தூசு, மகரந்தம் போன்ற ஒவ்வாமைப் பொருள்களையும் அது அடித்துக்கொண்டு போகிறது. உட்தோலின் வறட்சி நீங்கி நுண்மயிர்களின் வேலை இலகுவாகிறது. பிரிட்டனில் நாட்பட்ட அல்லது திரும்பத் திரும்ப வரும் சைனஸ் தொல்லை உள்ள 871 பேரிடம் நடந்து 2016-ல் வெளியான ஆய்விலும், மூக்கைக் கழுவியவர்களுக்கு ஆறு மாதத்தில் தொல்லை ஓரளவு குறைந்திருந்தது. 'ஓரளவு' என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. இது மந்திரம் இல்லை. செலவு குறைந்த, தீங்கு குறைந்த, நாள்தோறும் செய்யக்கூடிய ஒரு நல்ல பழக்கம்.

முதல் முறை நான் வெறும் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினேன். நெற்றிக்குள் ஊசி குத்தியதுபோல் எரிந்தது, கண்ணில் நீர் கொட்டியது. இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். காரணம் பிறகுதான் தெரிந்தது. நம் உடல் திரவத்தில் உள்ள அளவுக்கு உப்பு இல்லாத நீர் மூக்கின் மென்மையான உட்தோலை எரிக்கும். சரியான அளவு உப்பு போட்டால் எரிச்சல் இருக்காது.

உப்புநீரைத் தயாரித்துக் கழுவுவது எப்படி?

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு. பொடி உப்பு என்றால் தேக்கரண்டியால் தலைதட்டி ஏறக்குறைய ஒன்றரை. அயோடினும் கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் இல்லாத உப்பாக இருந்தால் நல்லது. அரைத் தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்தால் இன்னும் இதமாக இருக்கும். மருந்துக் கடையில் அளந்து கட்டிய பொட்டலங்களும் கிடைக்கின்றன.

இனி சொல்வதை தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் ஊற்றக்கூடாது. குடிக்கத் தகுந்த தண்ணீர் எல்லாம் மூக்கில் விடத் தகுந்தது ஆகாது. நெக்லேரியா என்ற அமீபா நன்னீரில் வாழ்கிறது. அதைக் குடித்துவிட்டால் வயிற்றின் அமிலத்தில் செத்துவிடும். மூக்கு வழியாகப் போனால் வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறி, கிட்டத்தட்ட எப்போதும் உயிரைப் பறித்துவிடுகிறது. 2011-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர் இப்படி இறந்தார்கள். இது மிக மிக அரிது என்பது உண்மை. ஆனால் தவிர்ப்பது மிக எளிது என்பதும் உண்மை. தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி வைத்து ஆறவிடுங்கள். உயரமான மலைப்பகுதியில் மூன்று நிமிடம். இல்லையென்றால் காய்ச்சி வடித்த நீரை வாங்கிப் பயன்படுத்துங்கள்.

நீர் உடல் சூட்டுக்கு வந்ததும், மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. கழுவுதொட்டியின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாயைத் திறந்து வாயால் மூச்சு விட்டபடி, மேலே உள்ள நாசியில் மெதுவாக விடுங்கள். சில நொடிகளில் மற்ற நாசி வழியாக வெளியே வரும். கொஞ்சம் தொண்டைக்கு இறங்கினால் துப்பிவிடுங்கள். 'ஆ' என்று நீட்டிச் சொல்லிக்கொண்டே செய்தால் இறங்குவது குறையும். பிறகு மறுபக்கம். முடித்ததும் முன்னால் குனிந்து சற்று நேரம் நின்றால் மிச்ச நீர் வடியும். அதைச் செய்யாமல் படுத்தால் தலையணை நனையும், அனுபவத்தில் சொல்கிறேன்.

நீர் விடப் பயன்படுத்திய புட்டியைக் கழுவி, நன்றாக உலர வையுங்கள். ஈரமாகவே மூடி வைத்த புட்டிக்குள் கிருமி வளர்ந்தால், மறுநாள் அதையே மூக்குக்குள் அனுப்புகிறோம். மூக்கு முழுவதுமாக அடைத்திருக்கும்போதும், காது வலிக்கும்போதும், மூக்கில் அறுவை சிகிச்சை முடிந்த புதிதிலும் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

ஆவி பிடித்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

இதமாக இருக்கும், குணமாக்காது. மேலே சொன்ன 2016-ஆம் ஆண்டு ஆய்வில் ஆவி பிடித்தவர்களையும் தனியாகப் பார்த்தார்கள். தலைவலி குறைந்தது, மற்ற தொல்லைகளில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. இதமும் தேவைதான், தலைவலி குறைவதும் பெரிய நிம்மதிதான். அதனால் பெரியவர்கள் ஆவி பிடிப்பதை நான் தடுக்கமாட்டேன்.

எனக்குக் கவலை கொதிநீர்ப் பாத்திரத்தைப் பற்றித்தான். எங்கள் உறவில் ஒரு சிறுமி போர்வைக்குள் தலையை மூடிக்கொண்டு ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள். தும்மல் வந்தது, முழங்கால் பாத்திரத்தில் இடித்தது, தொடை முழுக்க வெந்துபோனது. மூக்கடைப்பு நான்கு நாளில் போயிருக்கும். தழும்பு போகவில்லை. குழந்தைகளுக்குக் கொதிநீர்ப் பாத்திரம் வைக்கவே வேண்டாம். குளியலறைக் கதவை மூடி வெந்நீரைத் திறந்துவிட்டு, அந்த நீராவியில் குழந்தையோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும். பெரியவர்களும் பாத்திரத்தை மடியிலோ படுக்கையிலோ வைக்காமல், அசையாத மேசைமீது வைத்துக்கொள்ளுங்கள்.

மென்தால், யூகலிப்டஸ் தைலம் தடவினால் மூக்கு திறக்கிறதே?

திறப்பதுபோல் தோன்றுகிறது. மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளை மென்தால் தூண்டுகிறது. காற்று நிறைய போவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. அளந்து பார்த்தால் அடைப்பு அப்படியேதான் இருக்கும். தூக்கம் வர உதவினால் நெஞ்சில் கொஞ்சம் தடவிக்கொள்வதில் தவறில்லை. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கூடாது. எந்த வயதினருக்கும் நாசிக்குள் தடவக்கூடாது. கற்பூரமோ யூகலிப்டஸ் எண்ணெயோ வயிற்றுக்குள் போனால், சிறு அளவுகூட குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கலாம். புட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

பூண்டுப் பல்லை நாசியில் செருகுவது, எண்ணெய் விடுவது?

வேண்டாம். பூண்டை எடுத்ததும் கோழை கொட்டுவது உண்மைதான். ஆனால் அது உள்ளே அடைபட்டுக் கிடந்த கோழை இல்லை, பூண்டின் காரத்துக்கு மூக்கு புதிதாகச் சுரந்தது. உட்தோல் புண்ணாகும், பூண்டுப் பல் உள்ளே சிக்கிக்கொள்ளவும் கூடும். எண்ணெயில் வேறொரு ஆபத்து இருக்கிறது. மூக்கில் விட்ட எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்கு இறங்கினால், நுரையீரலால் அதை எளிதில் வெளியேற்ற முடியாது. நாளடைவில் ஒருவகை நிமோனியா வரலாம். முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இந்த ஆபத்து அதிகம். இயற்கையானது என்பதால் மட்டும் ஒன்று மூக்குக்குள் போகத் தகுதி பெற்றுவிடாது.

வலி அதிகமான நாளில் வீட்டிலேயே வேறு என்ன செய்யலாம்?

வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்திலும் மூக்கின் இருபுறமும் ஐந்து நிமிடம் வைத்திருங்கள். ஆறியதும் மீண்டும் நனைத்து வையுங்கள். தட்டையாகப் படுத்தால் மூக்கின் இரத்தக் குழாய்கள் நிறைந்து அடைப்பு கூடும், ஆகவே தலைப்பக்கத்தை உயர்த்திக்கொள்ளுங்கள். ஒரு தலையணையைக் கூடுதலாகக் கழுத்துக்குக் கீழே திணிப்பதைவிட, தோள்பட்டையிலிருந்தே சரிவாக உயர்த்துவது நல்லது. சூடான பானம் எதுவானாலும் மெதுவாகப் பருகுங்கள். பால் குடித்தால் சளி கூடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. தொண்டைக்கு இறங்கும் கோழையால் இருமல் இருந்தால் தேன் நல்லது, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தரவே கூடாது. பாராசிட்டமால் எடுத்துக்கொள்வதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். வலியைப் பொறுத்துக்கொள்வதால் தொற்று சீக்கிரம் போய்விடாது.

மூக்கைச் சிந்தும் விதத்தையும் கவனியுங்கள். இரண்டு நாசியையும் பிடித்துப் பலமாகச் சிந்தினால், மூக்கில் உள்ள சளி சைனஸுக்குள்ளேயே தள்ளப்படுகிறது என்று 2000-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு நாசியை மூடி, மறுநாசியால் மெதுவாகச் சிந்துங்கள்.

வாயை மூடி ரீங்கரித்தால் நல்லது என்று படித்தேன். உண்மையா?

இதில் சுவையான ஓர் உண்மை இருக்கிறது. சைனஸ் அறைகள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கின்றன. சாதாரணமாக மூச்சு விடும்போது வெளிவருவதைவிட, 'ம்ம்ம்' என்று ரீங்கரிக்கும்போது மூக்கு வழியாக வெளிவரும் இந்த வாயுவின் அளவு 15 மடங்கு கூடுவதாக ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002-ல் கண்டார்கள். ஒலியின் அதிர்வு சைனஸுக்கும் மூக்குக்கும் இடையிலான காற்றைக் கலக்கிவிடுகிறது. வாசல் அடைத்திருந்தால் இந்த ஏற்றம் வராது. தொற்றை இது குணமாக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. கேடு ஒன்றும் இல்லை, மனமும் அமைதியாகும், விரும்பினால் செய்யுங்கள்.

மூக்கடைப்பு ஸ்பிரே போட்டால்தான் தூக்கம் வருகிறது. தொடரலாமா?

ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகை என்றால் மூன்று நாட்களோடு நிறுத்திவிடுங்கள். இவை வீங்கிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி, சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். தொடர்ந்து போட்டால், மருந்தின் வீரியம் தீரும்போதெல்லாம் முன்னைவிட மோசமாக அடைக்கும். அதற்காக மீண்டும் போடுவீர்கள். இந்தச் சுழலில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சிக்கியிருப்பவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் தலையணைக்கு அடியில் புட்டி இல்லாமல் படுத்ததில்லை. மருத்துவர் துணையோடு விடுபட முடியும், முதல் ஒன்றிரண்டு வாரம்தான் கடினம்.

ஸ்டீராய்டு ஸ்பிரே என்பது முற்றிலும் வேறு மருந்து. அது உடனே திறக்காது. நாள் தவறாமல் போட்டால் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் வீக்கத்தைக் குறைக்கும். 'ஸ்டீராய்டு' என்ற பெயரைக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள். மூக்கில் அடிக்கும் அளவு மிகக் குறைவு, உடலுக்குள் போவது அதைவிடக் குறைவு. அடிக்கும்போது தலையைச் சற்றுக் குனிந்து, வலது நாசிக்கு இடது கையாலும் இடது நாசிக்கு வலது கையாலும் அடியுங்கள். மருந்து இரண்டு நாசிகளையும் பிரிக்கும் நடுத்தண்டில் படாமல் வெளிச்சுவரை நோக்கிப் போகும், இரத்தக் கசிவும் குறையும். முதலில் உப்புநீரில் கழுவிவிட்டுப் பிறகு அடித்தால் மருந்து கோழைமேல் வீணாகாமல் தோலில் படியும்.

திரும்பத் திரும்ப வருகிறது. ஏன்?

இந்தக் கேள்வியோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, 'வருவது சைனஸ்தானா?' என்பதுதான். 2004-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், தங்களுக்கு 'சைனஸ் தலைவலி' என்று நம்பிய, அல்லது மருத்துவர் அப்படிச் சொன்ன ஏறக்குறைய 3000 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 88 சதவீதம் பேரின் தலைவலி ஒற்றைத் தலைவலியின் இலக்கணத்துக்குப் பொருந்தியது. ஒற்றைத் தலைவலியிலும் மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் வரும், கன்னம் அழுத்தும். அதனால்தான் இந்தக் குழப்பம். வெளிச்சமும் சத்தமும் பிடிக்கவில்லை, குமட்டுகிறது, தலை விண்விண் என்று தெறிக்கிறது, சளியோ கெட்டியாக வரவில்லை என்றால், ஒற்றைத் தலைவலியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். 'தலையில் நீர் கோத்துக்கொண்டது' என்று ஆண்டுக்கணக்கில் தவறான மருந்து சாப்பிட்டவர்கள், சரியான மருந்தில் வாரக்கணக்கில் தெளிந்திருக்கிறார்கள்.

உண்மையிலேயே சைனஸ்தான் என்றால், வாசலை அடைப்பது எது என்று தேட வேண்டும். அதிகம் காணப்படுவது ஒவ்வாமை. தும்மலும் அரிப்பும் சேர்ந்து வந்தால் அதைக் கவனியுங்கள். மூக்கின் நடுத்தண்டு வளைந்திருக்கலாம், பாலிப் என்ற சதை வளர்ந்திருக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு பாலிப் சேர்ந்து இருக்கும், அவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின் போன்ற வலிநிவாரணி மூச்சுத் திணறலை உண்டாக்கும். இந்த மூன்றும் தொடர்புடையவை என்பதால் மருத்துவரிடம் சேர்த்தே சொல்லுங்கள். புகையிலைப் புகை நுண்மயிர்களை முடமாக்குகிறது. வீட்டில் வேறொருவர் பிடித்தாலும் அப்படித்தான்.

பல்லை யாரும் நினைப்பதில்லை. மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்ன சைனஸின் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் திரும்பத் திரும்ப வந்து, நாற்றமும் இருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரோடு பல் மருத்துவரையும் பாருங்கள். வேரில் உள்ள சீழை அகற்றாமல் எத்தனை முறை மூக்கைக் கழுவினாலும் அது திரும்பி வரும்.

நாட்பட்ட சைனஸ் என்பது எது? அறுவை சிகிச்சை தேவைப்படுமா?

தொல்லை 12 வாரங்களைத் தாண்டினால் நாட்பட்டது என்று பெயர். இங்கே கிருமியைவிட அழற்சிதான் முதன்மை. உப்புநீர்க் கழுவலும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் பல வாரங்கள் ஒழுங்காகச் செய்து பார்ப்பது முதல் படி. அதிலும் குறையாதபோதுதான் சி.டி. ஸ்கேனும் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சும். இப்போது முகத்தில் வெட்டாமல், நாசி வழியாகவே உள்நோக்குக் கருவியைச் செலுத்தி வாசலை அகலப்படுத்துகிறார்கள். அதற்குப் பிறகும் கழுவும் பழக்கத்தை விடக்கூடாது. வாசல் அகலமானதால் உப்புநீர் முன்னைவிட நன்றாக உள்ளே போகும்.

வாசனை தெரியாமல் போய்விட்டது. திரும்புமா?

அடைப்பால் போனது என்றால், வீக்கம் வடிந்ததும் பெரும்பாலும் திரும்பிவிடும். வைரஸால் வாசனை நரம்பே பாதிக்கப்பட்டிருந்தால் மாதங்கள் ஆகலாம். அதற்கு மருந்தில்லாத ஒரு பயிற்சி இருக்கிறது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு வாசனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் பத்து இருபது நொடி மெதுவாக முகர்ந்து, அந்த வாசனை முன்பு எப்படி இருந்தது என்று மனதில் கொண்டுவாருங்கள். குறைந்தது 12 வாரம் விடாமல் செய்ய வேண்டும். தொடக்கத்தில் ஒன்றுமே தெரியாது. சில வாரங்களில் ஏதோ ஒரு வாசனை தவறான வடிவில் வரும், ரோஜா கருகியதுபோல் மணக்கும். அது கெட்ட அறிகுறி என்று எண்ணிப் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நரம்பு மீண்டும் துளிர்க்கும்போது அப்படி நேர்வது உண்டு, பயிற்சியைத் தொடருங்கள். வாசனை தெரியாத காலத்தில் சமையல் வாயுக் கசிவும் கெட்டுப்போன உணவும் உங்களுக்குத் தெரியாது, ஆகவே வீட்டில் இன்னொருவரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.